முதலில் அளவு, பிறகு ஸ்பேனர்

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து தை பிறந்தால் நம் பட்டறைகளுக்குத் தொலைதூரப் பயணக்காரர்கள் வரத் தொடங்குகிறார்கள். கடலூர் மஞ்சக்குப்பமானாலும் முதுநகரானாலும், சிதம்பரத்து வீதிகளானாலும், வந்து நிற்கும் வண்டி பெரும்பாலும் பழைய புல்லட் 350 அல்லது 2009-க்குப் பின் வந்த கிளாசிக் 350. ஒருவருக்குக் கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் ஏற வேண்டும். இன்னொருவருக்கு மனைவியைப் பின்னால் உட்காரவைத்து ஊட்டி போக வேண்டும். கையில் பத்தாயிரமோ பதினைந்தாயிரமோ இருக்கும். "அண்ணே, இந்தக் காசுக்குள்ள வண்டிக்கு இழுவை கூடணும்" என்பார்கள். இந்த ஒரு வரிக்கு நாம் என்ன பதில் சொல்கிறோம் என்பதைப் பற்றியே இந்த மாதம் எழுத வேண்டியிருக்கிறது.

பெரும்பாலான பட்டறைகளில் பதில் பொருளின் பெயராக வருகிறது. சைலன்சர் மாற்றலாம், ஏர் ஃபில்டர் மாற்றலாம், போர் பெரிதாக்கலாம். எஞ்சின் இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்று அளந்து பார்த்த பிறகு இந்தப் பதில் வந்தால் குறை சொல்ல ஒன்றுமில்லை. அளப்பதற்கு முன்பே வருகிறது என்பதுதான் கவலை. காரணம் மெக்கானிக்கின் பேராசை அல்ல. நம் கூலி முறை. பொருள் மாற்றினால் கூலி உண்டு, எஞ்சினைப் பிரித்தால் கூலி உண்டு. ஒரு மணி நேரம் செலவழித்து அளந்து, "இதில் மாற்ற எதுவும் இல்லை, டைமிங்கும் கார்புரேட்டரும் சரி செய்தால் போதும்" என்று சொல்கிறவருக்குக் கூலி இல்லை. உண்மையைச் சொல்பவர் நஷ்டப்படுகிற ஏற்பாடு இது. இதை நாம்தான் மாற்ற வேண்டும். அளவெடுப்பதைத் தனி வேலையாகக் கருதி, அதற்குத் தனிக் கூலி வாங்கும் பழக்கம் வர வேண்டும் என்பது இந்த இதழின் உறுதியான கருத்து.

புதுப் பொருள் எவ்வளவு சக்தி தரும் என்பதைத் தயாரித்த நிறுவனத்தின் கணக்கை வைத்தே பார்த்துவிடலாம். ராயல் என்ஃபீல்டின் 500 சிசி யூசிஇ எஞ்சினுக்கு 84 மி.மீ. போர், 90 மி.மீ. ஸ்ட்ரோக், 27.2 குதிரைத்திறன், 41.3 நியூட்டன் மீட்டர் டார்க். 2013-ல் கான்டினென்டல் ஜிடி வந்தபோது அதே ஸ்ட்ரோக்கை வைத்துக்கொண்டு போரை 87 மி.மீ. ஆக்கி 535 சிசி செய்தார்கள். கிடைத்தது 29.1 குதிரைத்திறன், 44 நியூட்டன் மீட்டர். ஆய்வுக்கூடம், டைனோ, முழு நேரப் பொறியாளர்கள் எல்லாம் வைத்திருக்கிற நிறுவனம் 36 சிசி கூட்டிப் பெற்ற லாபம் ஏழு சதவீதம். இனி 350-ன் கணக்கு. 70 மி.மீ. போரை அறுபது தௌ ஓவர்சைஸ் வரை ரீபோர் செய்தாலும் 346 சிசி ஏறத்தாழ 361 சிசி ஆகிறது. நான்கு சதவீதத்துக்குச் சற்று மேல். தேய்ந்த போருக்கு ரீபோர் சரியான வைத்தியம். தேயாத போரைச் சக்திக்காக வெட்டுவது, நாளைக்குத் தேவைப்படும் இரும்பை இன்றைக்கே எடுத்துவிடுவதாகும்.

வேகத்தின் கணக்கு இன்னும் கறாரானது. நெடுஞ்சாலை வேகத்தில் எஞ்சின் பெரும்பாலும் காற்றை எதிர்த்தே உழைக்கிறது. அதற்குத் தேவையான சக்தி வேகத்தின் மும்மடிக்கு ஏற்பக் கூடுகிறது. 110 கிலோமீட்டரில் ஓடும் வண்டியை 120-க்குக் கொண்டுபோக ஏறத்தாழ 30 சதவீதம் கூடுதல் சக்தி வேண்டும். ஏழு சதவீதம் கூட்டினால் 110 என்பது 112, 113 ஆகும், அவ்வளவுதான். வாடிக்கையாளரிடம் பணம் வாங்குவதற்கு முன் இந்தக் கணக்கை அவர் எதிரிலேயே போட்டுக் காட்டுவது நம் கடமை.

அப்படியானால் குறைந்த காசில் இழுவை எங்கிருந்து வரும்? அந்த எஞ்சின் தொலைத்த சக்தியிலிருந்து வரும். நம் ஊர் வண்டிகள் தொலைத்தது கொஞ்சநஞ்சமல்ல.

பழைய வார்ப்பிரும்பு புல்லட்டை எடுத்துக்கொள்ளுங்கள். காண்டாக்ட் பாயின்ட் தேய்ந்து இடைவெளி மாறியிருக்கும். ஆட்டோ அட்வான்ஸின் ஸ்பிரிங் தளர்ந்திருக்கும், அல்லது எடைகள் துருவேறி ஒட்டிக்கொண்டிருக்கும். அட்வான்ஸ் முழுதாகத் திறக்காத எஞ்சின் கிக்கில் நன்றாகத்தான் கிளம்பும். 3,000 ஆர்பிஎம்முக்கு மேல்தான் மூச்சு முட்டும். வாடிக்கையாளர் அதைச் "சக்தி பத்தல" என்பார். விஎம் 24 கார்புரேட்டரில் ஸ்லைடு தேய்ந்து காற்று ஒழுகும். நீடில் ஜெட் முட்டை வடிவமாகியிருக்கும். எக்ஸாஸ்ட் வால்வு சீட் கருகியிருக்கும். புஷ்ராடைக் குளிர்ந்த எஞ்சினில் விரலால் சுற்றும் அளவுக்கு வைக்காமல் இறுக்கி வைத்திருந்தால், சூடேறியதும் வால்வு முழுதாக உட்காராது, கம்ப்ரஷன் நிற்காது. யூசிஇ-யில் ஹைட்ராலிக் டேப்பெட் என்பதால் இந்தக் கவலை இல்லை. ஆனால் அழுக்கு ஆயிலும் அடைத்த ஃபில்டரும் அங்கே அதே வேலையைச் செய்யும்.

கடற்கரை மாவட்டத்துக்கென்று தனிச் சீக்குகளும் உண்டு. உப்புக்காற்று எர்த் ஒயரின் முனையில் பச்சை படியவைக்கிறது. பேட்டரியில் முழு வோல்டேஜ் இருந்தும் காயிலுக்குக் குறைவாகப் போய்ச் சேர்கிறது, ஸ்பார்க் மெலிகிறது. துருவை மறைக்க ஃபின்கள் மேல் கோட்டுக் கோட்டாகப் பெயின்ட் அடித்திருந்தால் சூடு வெளியேறுவதும் குறையும். வெள்ளம் இன்னொரு கணக்கு. 2011 டிசம்பர் 30-ல் தானே புயல், 2015 மழை வெள்ளம், 2024 டிசம்பரில் தென்பெண்ணை வெள்ளம் என்று இம்மாவட்டத்தில் தண்ணீரில் நின்ற வண்டிகள் ஏராளம். அவற்றில் பல இன்று கைமாறிக் கைமாறி ஓடுகின்றன. சேறு கலந்த தண்ணீர் போய் வந்த கிராங்க்கேஸில் பேரிங்கும் பிக் எண்டும் எப்படி இருக்கின்றன என்று பாராமல், அந்த எஞ்சினிடம் கூடுதல் சக்தி கேட்பது நடுவழியில் கனெக்டிங் ராட் உடைவதற்கு வழி செய்வதாகும்.

எரிபொருளும் மாறிவிட்டது. எத்தனால் கலக்காத பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று போதும் என்ற கணக்கில் ஜெட் வைத்த கார்புரேட்டருக்கு இன்று 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் போகிறது. அதற்கு ஏறத்தாழ 13.5 பங்கு காற்றுதான் சரியான அளவு. ஜெட்டைத் தொடாமல் விட்டால் கலவை எட்டு சதவீதம் அளவுக்கு மெலிந்துபோகிறது. சித்திரை வெயிலில் பெரியவர் ஒருவரைப் பின்னால் வைத்து ஓட்டும் எஞ்சினுக்கு மெலிந்த கலவை என்றால் சூடு, நாக்கிங், பிஸ்டன் சேதம். மெயின் ஜெட்டை ஒன்றிரண்டு நம்பர் கூட்டி, நெடுஞ்சாலையில் ஓட்டிப் பிளக்கின் நிறம் பார்த்து வைப்பது மிகச் சிறிய செலவு. பழைய பெட்ரோல் குழாயையும் ஃப்ளோட் ரப்பரையும் அப்போதே மாற்றிவிட வேண்டும். எத்தனால் ஈரத்தை இழுக்கும் என்பதால் மழைக்காலம் முழுவதும் நின்ற வண்டியின் டேங்கை வடித்துப் பார்க்காமல் வேலையைத் தொடங்கவே கூடாது.

இவையெல்லாம் ஊகத்தில் தெரியாது; அளந்தால்தான் தெரியும். அளவெடுப்பு என்று நாம் சொல்வது ஒரு தாளில் அடங்கும் வேலை. த்ராட்டிலை முழுதும் திறந்து, டிகம்ப்ரஷன் லீவரை விட்டுவிட்டுக் கம்ப்ரஷன் பார்ப்பது. பிறகு பிளக் துளையில் ஒரு கரண்டி ஆயில் விட்டு மறுபடி பார்ப்பது: ஏறினால் ரிங்கும் போரும், ஏறாவிட்டால் வால்வு. யூசிஇ-யில் ஆட்டோ டிகம்ப்ரஸர் இருப்பதால் கேஜ் குறைத்துக் காட்டும். அங்கே லீக்-டவுன் சோதனைதான் நம்பத்தக்கது. ஸ்ட்ரோப் விளக்கில் டைமிங்கும் அட்வான்ஸும், மல்டிமீட்டரில் எர்த்தின் வோல்டேஜ் இழப்பு, ஆயிலை வடித்தால் அதில் மின்னும் உலோகத் தூள். ஹெட்டை இறக்க நேர்ந்தால் போர் கேஜ் கொண்டு மேல், நடு, கீழ் மூன்று இடத்திலும் இரண்டு திசையிலும் அளவு. கடைசியாகச் சாலை: டாப் கியரில் 50-லிருந்து 80-க்கு வர எத்தனை விநாடி என்று, காலியாகக் கிடக்கும் நேராகப் போகிற சாலையில், ஒரே ஓட்டுநர், இரண்டு திசையிலும். பிற்பகலில் கடற்காற்று எழுந்துவிடும்; ஆகவே விடியற்காலையில் பார்ப்பதே முறை. வேலை முடிந்த பிறகு அதே இடத்தில் அதே நேரத்தில் மறுபடி. அந்த இரண்டு எண்களும் பில்லோடு சேர்ந்து வாடிக்கையாளர் கைக்குப் போக வேண்டும்.

தொலைத்ததை மீட்ட பிறகுதான் அடுத்த படி. பயணக்காரருக்கு உச்ச சக்தி எந்நேரமும் தேவைப்படுவதில்லை. 3,000 முதல் 4,000 ஆர்பிஎம் வரை சுமையோடு அலுக்காமல் இழுக்கும் எஞ்சின்தான் தேவை. அங்கே மலிவான மாற்றம் முன் ஸ்ப்ராக்கெட்டில் இருக்கிறது. 16 பல் உள்ள வண்டியில் 17 போட்டால் அதே வேகத்துக்கு ஆர்பிஎம் ஆறு சதவீதம் குறைகிறது. 4,000-ல் ஓடிய எஞ்சின் 3,765-ல் ஓடும். 90 மி.மீ. ஸ்ட்ரோக் உள்ள எஞ்சினில், அதுவும் புஷ் போட்ட பிக் எண்ட் உள்ள பழைய வண்டியில், இது அதிர்வையும் தேய்மானத்தையும் சேர்த்துக் குறைக்கிறது. ஆனால் சக்கரத்துக்கு வரும் இழுவையும் அதே ஆறு சதவீதம் குறையும். கடலூரிலிருந்து ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பு.முட்லூர் வழியே சிதம்பரம் போகும் சமதளத்துக்கு 17 பொருந்தும். ஊட்டி போகிறவருக்குப் பொருந்தாது. 2,200 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தியே ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. எந்தக் கிட் தரும் லாபத்தையும் மலை விழுங்கிவிடும். அவருக்குப் பழைய பல்லையே வைத்து, நீடிலை ஒரு படி இறக்கும் வழியைச் சொல்லிக் கொடுத்து அனுப்புவதே உதவி. எங்கே போகிறார், யாரோடு போகிறார் என்று கேட்காமல் ஸ்ப்ராக்கெட் விற்கக் கூடாது.

சைலன்சர் பற்றி ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிடுகிறோம். ஜெட் மாற்றாமல் சைலன்சரை மட்டும் மாற்றினால் கூடுவது சத்தமும் சூடும். 175 சிசிக்கு மேற்பட்ட இருசக்கர வாகனத்துக்கு அனுமதிக்கப்பட்ட ஒலி அளவு 80 டெசிபல். 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பிஎஸ் 6 வண்டியில் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரையும் ஆக்சிஜன் சென்சாரையும் கழற்றிவிட்டு சக்தி தேடுவது எஞ்சின் கன்ட்ரோலைக் குழப்பிவிடும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு பதிவுச் சான்றில் உள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 திருத்தத்தில் சேர்ந்த 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு ஐயாயிரம் ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். மாட்டிக்கொள்பவர் வாடிக்கையாளர், மாட்டிவிடுபவர் நாம். விபத்து இழப்பீட்டில் சிக்கல் வந்தால் பாதிக்கப்படுவதும் அந்தக் குடும்பம்தான்.

பதினைந்தாயிரம் ரூபாய் என்று வைத்துக்கொண்டு திட்டம் போட்டால் நாங்கள் பரிந்துரைக்கும் வரிசை இது. பத்தில் ஒரு பங்கு அளவெடுப்புக்கு. பாதி, அளவில் தெரிந்த குறைகளைச் சரிசெய்ய: வால்வு லேப்பிங், ரிங், கார்புரேட்டர், இக்னிஷன், ஒயரிங். ஐந்தில் ஒரு பங்கு பிரேக் ஷூ, டயர், செயின் ஸ்ப்ராக்கெட்டுக்கு. கூடுதலாக இழுக்கும் வண்டி கூடுதலாக நிற்கவும் வேண்டும். மீதி ஐந்தில் ஒரு பங்கைத் தொடாமல் வைக்க வேண்டும். எஞ்சினைத் திறந்த பிறகுதான் தெரியும் செலவு எப்போதும் உண்டு. அந்தப் பணம் இல்லாததால் பாதியில் நிற்கும் வேலைகளும், பழைய ரிங்கையே திரும்பப் போட்டு மூடும் வேலைகளும் நம் தொழிலின் பெயரைக் கெடுத்தது போதும். இவ்வளவும் முடிந்து பணமும் எஞ்சி, அளவும் இடம் கொடுத்தால், அப்போது புதுப் பொருளைப் பற்றிப் பேசலாம்.

"அளவு பார்க்கக் காசு கேட்டால் வாடிக்கையாளர் அடுத்த பட்டறைக்குப் போய்விடுவார்" என்ற மறுப்பு நமக்குத் தெரியும். அது நியாயமான பயம். ஒருவர் மட்டும் தொடங்கினால் அவர் நஷ்டப்படவும் கூடும். அதனால்தான் இதைத் தனி மனிதருக்குச் சொல்லும் அறிவுரையாக எழுதாமல், கடலூர் முதல் சிதம்பரம் வரை உள்ள பட்டறைகளுக்கு ஒரே முறையாக முன்வைக்கிறோம். இரத்தப் பரிசோதனைக்குத் தயங்காமல் பணம் தருகிற அதே மனிதர்கள்தான் நம் வாடிக்கையாளர்களும். கையில் எழுத்து வடிவில் ஓர் அறிக்கை கிடைத்தால், அதில் முன்னும் பின்னும் எண்கள் இருந்தால், கூலி எதற்கு என்று அவர்களுக்கே புரியும்.

மூன்று வேலைகளை இந்த ஆண்டே தொடங்கலாம். ஒரு பகுதியில் உள்ள ஐந்தாறு பட்டறைகள் சேர்ந்து ஒரு போர் கேஜ், ஒரு லீக்-டவுன் கருவி, ஒரு ஸ்ட்ரோப் விளக்கு வாங்கிப் பொதுவில் வைத்துக்கொள்ளலாம். தனித்தனியே வாங்கச் சக்தி இல்லாதவர்களுக்கு இதுவே வழி. கடலூர் அரசு தொழிற்பயிற்சி நிலையத்தையும் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் இயந்திரப் பொறியியல் துறையையும் அணுகி, மைக்ரோமீட்டரும் போர் கேஜும் பிடிக்க நம் பையன்களுக்கு ஞாயிற்றுக்கிழமை வகுப்பு கேட்கலாம். அளவுத் தாளின் மாதிரி ஒன்றை அடுத்த இதழில் அச்சிடுகிறோம். படியெடுத்துப் பயன்படுத்துங்கள், குறை இருந்தால் திருத்தி எழுதி அனுப்புங்கள். கூலித் தொகையை அந்தந்தப் பகுதியினர் உட்கார்ந்து பேசி முடிவு செய்யட்டும். சிறியதாக இருக்கலாம், ஆனால் இலவசமாக இருக்கக் கூடாது.