பென்னிகுயிக் தொப்பியில் பன்னிரண்டு பல்பு

அக்கா வீட்டில் எனக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு. 'நாளைக்கு மாமா'!

சூட்டியவன் என் மருமகன். வயது எட்டு. மூன்றாம் வகுப்பு. அவனுக்குப் பட்டம் செய்து தருகிறேன் என்று ஒரு முறை சொன்னேன். எப்போது என்றான். நாளைக்கு என்றேன். ஆடிக் காற்று அடித்து ஓய்ந்து, ஐப்பசி மழையும் வந்து போய்விட்டது. பம்பரம், சைக்கிளுக்கு டைனமோ... அந்தக் கணக்கெல்லாம் இன்னும் பாக்கி. இப்போது அவன் எதுவும் கேட்பதே இல்லை. அதுதான் உறுத்தியது சார். குழந்தை கேட்டு நச்சரித்தால் தாங்கிக்கொள்ளலாம். கேட்காமல் விட்டுவிட்டால், நம்மைப் பற்றி ஒரு முடிவுக்கு வந்துவிட்டான் என்று அர்த்தம்.

அப்படிப்பட்டவன் போன மார்கழிக் கடைசியில் ஒரு நாள் தயங்கித் தயங்கி வந்தான்.

"மாமா, பொங்கலுக்கு நம்ம தெருவுல மாறுவேடப் போட்டி. நான் பென்னிகுயிக். தொப்பி வேணும்."

"ப்பூ! இவ்வளவுதானா?"

"அந்தத் தொப்பியில லைட்டு எரியணும்."

"வெள்ளைக்காரத் துரை தொப்பியில எதுக்குடா லைட்டு?"

"அவரு கொண்டு வந்த தண்ணியிலதானே லோயர் கேம்ப்ல கரண்ட் எடுக்கிறாங்க? அப்ப அவரு தலையில லைட்டு எரியணும்ல?"

பதில் சொல்ல முடியவில்லை. எட்டு வயதுப் பையன் பேசுகிற நியாயத்துக்கு எந்த மாமாவிடம் பதில் இருக்கிறது?

கம்பத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். மேற்கே கேரளாப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த பெரியாற்றை மறித்து, மலையைக் குடைந்து, கிழக்கே எங்கள் பக்கம் திருப்பிவிட்ட இன்ஜினீயர் கர்னல் ஜான் பென்னிகுயிக். 1887-ல் ஆரம்பித்த அணை வேலை 1895-ல் முடிந்தது. நடுவே வெள்ளம் வந்து கட்டினதை அடித்துக்கொண்டு போனதும் உண்டு. 1958 முதல் அதே தண்ணீர் லோயர் கேம்ப்பில் மின்சாரமும் தருகிறது. குமுளி ரோட்டில் பஸ்ஸில் போனால், மலைச்சரிவில் நாலு ராட்சதக் குழாய்கள் இறங்குவது தெரியும். அங்கேதான் அவருக்கு மணிமண்டபமும் இருக்கிறது. அவர் பிறந்தது 1841 ஜனவரி 15. எங்களுக்குப் பொங்கல் என்றால் பாதி சூரியனுக்கு, பாதி அவருக்கு! அணையின் நீர்மட்டத்தை எங்கள் ஊரில் பால்குடி மறந்த குழந்தைகூட ஒப்பிக்கும். 136 அடிக்கு மேல் தேக்கக் கூடாது என்று இருந்ததும், 2014-ல் சுப்ரீம் கோர்ட் 142 அடி வரை தேக்கலாம் என்று சொன்னதும் டீக்கடை பெஞ்சுக்கெல்லாம் மனப்பாடம்.

"செஞ்சுடலாம் மருமகனே!" என்றேன்.

"நாளைக்கா?" என்றான். கிண்டலே இல்லாமல் கேட்டான். சுருக்கென்றது.

அன்றைக்கே ஆரம்பித்தேன்.

அந்தக் காலத்துத் துரைமார் தொப்பி நெட்டியில் செய்தது. தஞ்சாவூரில் கோபுர பொம்மை செய்கிறார்களே, அதே மாதிரி நெட்டிதான். நெட்டிக்கு நான் எங்கே போவேன்? அக்காவின் எவர்சில்வர் குண்டாவைக் கவிழ்த்து, அதன் மேல் மைதாப் பசையில் பழைய பேப்பரை ஏழு அடுக்கு ஒட்டினேன். இரண்டு நாள் மொட்டை மாடியில் காய்ந்தது. கல் மாதிரி இறுகிவிட்டது. ஒரே ஒரு சிக்கல். முதலில் குண்டாவில் எண்ணெய் தடவ மறந்துவிட்டேன். குண்டா வெளியே வரவில்லை.

"டேய் தம்பி, பொங்கலுக்குப் பருப்பு எதுலடா வேக வைக்கிறது?" என்றாள் அக்கா.

குண்டாவை மீட்கத் தொப்பியை இரண்டாகப் பிளந்து, மறுபடி ஒட்டி, வெள்ளைப் பெயின்ட் அடித்தேன். அட்டையில் விளிம்பு வைத்தேன். தொப்பி முடிந்தது. அடுத்தது லைட்.

என் முதல் திட்டம் கல்யாண வீட்டில் தொங்குமே, அந்த சீரியல் செட். தொப்பியைச் சுற்றிவிட்டு, ஒயரைச் சட்டைக்குள் விட்டு, மேடைக்குப் பின்னால் ப்ளக்கில் சொருகிவிடலாம் என்றேன்.

"230 வோல்ட்டைப் பிள்ளை தலையில கட்டுவியா? உன் தலையில முதல்ல கட்டிப் பாரு!" என்று கத்தினாள் அக்கா.

அவள் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. 1981-ல் வந்த 'யாரானா' இந்திப் படத்தில் அமிதாப் பச்சன் உடம்பெல்லாம் பல்பு எரிய ஆடுவார். அந்த உடைக்கு நேரே மெயினிலிருந்துதான் கரண்ட், ஆடும்போது ஷாக் அடித்தது என்று பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். அதற்கும் நூறு வருஷம் முந்தி, 1883-ல் நியூயார்க்கில் ஒரு மாறுவேட விருந்துக்கு வாண்டர்பில்ட் வீட்டு அம்மாள் ஒருவர் 'மின்விளக்கு' வேஷத்தில் போனார். பாட்டரியை கவுனுக்குள் ஒளித்து வைத்திருந்தார். ஆக, பாட்டரிதான் மரியாதை!

ரேடியோ ரிப்பேர் கடையில் பன்னிரண்டு வெள்ளை எல்.இ.டி. வாங்கினேன். வெள்ளை எல்.இ.டி. வருவதற்கு முதலில் நீல எல்.இ.டி. வர வேண்டியிருந்தது. அதைக் கண்டுபிடித்த மூவருக்கு 2014-ல் நோபல் பரிசே கொடுத்தார்கள். நான் ஒன்றை எடுத்து 9 வோல்ட் பாட்டரியில் நேரே வைத்தேன். ஒரு விநாடி சூரியன். அடுத்த விநாடி பொசுக்! நோபல் பரிசு கருகின வாசனை வந்தது.

கடைக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். "தம்பி, இதுக்கு மூணு வோல்ட்டே ஜாஸ்தி. நடுவுல ரெசிஸ்டர் போடணும். நீளக் கால் பிளஸ், குட்டைக் கால் மைனஸ். மாத்தி வச்சா எரியாது."

போனதற்கு ஒன்று வாங்கிக்கொண்டு வந்தேன். மூன்று பென்சில் செல், நாலரை வோல்ட். ஒவ்வொரு பல்புக்கும் 100 ஓம் ரெசிஸ்டர் ஒன்று. மூன்று ராத்திரி உட்கார்ந்து சால்டரிங் வைத்தேன். விரலில் நாலு கொப்புளம். ஆபீசில் கையெழுத்துப் போடும்போது அக்கவுன்டன்ட், "என்னப்பா, சமையலா?" என்றார். ஆமாம் சார் என்று சொல்லிவிட்டேன். தொப்பி என்று சொன்னால் லீவு கேட்கப் போகிறேன் என்று நினைப்பார்.

பொங்கலன்று சாயங்காலம். தெரு முனையில் மேடை. காக்கி கோட்டு, ஒட்டு மீசை, தொப்பியோடு மருமகன் ஏறினான். ஸ்விட்சைத் தட்டினான்.

எரியவில்லை.

மறுபடி தட்டினான். ஊஹூம். கூட்டத்தில் நாலு பேர் சிரித்தார்கள். எனக்கு உள்ளங்கை வியர்த்துவிட்டது. பட்டம், பம்பரம், டைனமோ எல்லாம் வரிசையாகக் கண்முன் வந்து நின்றன. அவன் என்னைத் தேடிப் பார்த்தான். நான் மேடைக்கு ஓடலாமா, அப்படியே சின்னமனூருக்கு ஓடிவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

அவன் மைக்கைப் பிடித்தான்.

"எல்லாரும் கொஞ்சம் பொறுங்க! அணையில இப்ப 136 அடிதான் தண்ணி இருக்கு. 142 வந்ததும் லைட்டு எரியும்!"

தெருவே அதிர்ந்தது. விசில், கைதட்டல்! ஒரு பெரியவர் துண்டைச் சுழற்றினார். அந்தச் சத்தத்தில் பையன் தொப்பியின் மேல் ஓங்கி ஒரு தட்டு தட்டினான். பன்னிரண்டு பல்பும் பளிச்!

முதல் பரிசு ஔவையாருக்கு. (ஔவையார் ஜட்ஜின் பேத்தி என்று ஒரு பேச்சு. நான் நம்பவில்லை. அக்கா நம்புகிறாள்.) பென்னிகுயிக்குக்கு இரண்டாம் பரிசு, எவர்சில்வர் டம்ளர்.

"பாட்டரி டப்பாவுல ஸ்பிரிங் லூசு. தட்டினா எரியும்னு உனக்கு யாருடா சொன்னது?" என்று கேட்டேன்.

"டி.வி. ரிமோட் வேலை செய்யலைன்னா நீ இப்படித்தானே மாமா தட்டுவே?"

நான் கற்றுக்கொடுத்தது ஒன்றாவது உருப்படியாக இருந்ததே!

ராத்திரி சாப்பிடும்போது மச்சான் என்னைப் பார்த்தார். அதிகம் பேசாத மனுஷன். இரண்டு ஏக்கர் வயல். இரண்டாம் போக நெல் நிற்கிறது.

"மாப்ள, இன்னிக்கு ராத்திரி நம்ம முறை. தண்ணி பாய்ச்சணும். அந்தத் தொப்பி கிடைக்குமா? ரெண்டு கையும் மம்பட்டிக்கு வேணும்."

மருமகன்தான் எடுத்துக் கொடுத்தான். "பத்திரம்ப்பா. மாமா செஞ்சது" என்றான்.

பன்னிரண்டு மணிக்கு மொட்டை மாடியிலிருந்து பார்த்தேன். இருட்டு வயலுக்குள் பன்னிரண்டு வெளிச்சம் வரப்பு மேல் மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தது. அவர் கொண்டு வந்த தண்ணீர், அவர் பெயரில் செய்த தொப்பி.

மச்சான் இன்றுவரை அதைத் திருப்பித் தரவில்லை. கேட்டால், "நாளைக்கு" என்கிறார்.