ஆசிரியருக்கு ஒரு வாசல், தலைமை ஆசிரியருக்கு மறு வாசல்

புது தில்லி: ஆசிரியர் தகுதித் தேர்வு குறித்து உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பர் 1-ஆம் தேதி அளித்த தீர்ப்பு, கேரளத்தின் பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லைக் கிராமங்களுக்கும் பொருந்தும் பழைய கேள்வி ஒன்றை மீண்டும் முன்னிறுத்துகிறது. ஆசிரியரைத் தேர்ந்தெடுக்கும் அளவுகோல் வேறு. தலைமை ஆசிரியரைத் தேர்ந்தெடுக்கும் அளவுகோல் வேறு. இரண்டுக்கும் இடையே மறக்கப்படுவது மொழி.

முதல் எட்டு வகுப்புகளுக்குக் கற்பிப்போரில், ஓய்வுபெற ஐந்து ஆண்டுகளுக்கு மேல் இருப்பவர்கள் இரண்டு ஆண்டுகளுக்குள் தகுதித் தேர்வில் தேற வேண்டும் என்றது அத்தீர்ப்பு. அதற்குக் குறைவான காலம் உள்ளவர்கள் பணியில் தொடரலாம். ஆனால், தேர்ச்சியின்றிப் பதவி உயர்வு இல்லை. சிறுபான்மையினர் பள்ளிகளின் நிலை, கூடுதல் நீதிபதிகள் அமர்வின் முடிவுக்கு விடப்பட்டது.

பணிமூப்பா, நிர்வாக உரிமையா?

கேரளத்தில் அரசுப் பள்ளி ஆசிரியர்களை மாநிலத் தேர்வாணையம் தேர்வு செய்கிறது. உதவி பெறும் பள்ளிகளில் மேலாளர் நியமிக்கிறார். ஊதியத்தை அரசு தருகிறது. உயர்நிலைப் பள்ளித் தலைமை ஆசிரியர் பதவிக்கோ, 12 ஆண்டு பட்டதாரி ஆசிரியர் பணியும் துறைத் தேர்வுகளில் தேர்ச்சியும் கேட்கும் கேரள கல்வி விதிகள், பணிமூப்பையே அடிப்படையாகக் கொள்கின்றன. மூத்தவரை ஒதுக்க மேலாளர் விரும்பினால், அவரது எழுத்துப்பூர்வமான சம்மதத்தைப் பெற வேண்டும்.

சிறுபான்மையினர் பள்ளிகளில் இந்த வேலி இல்லை. கோழிக்கோடு மாவட்டப் பள்ளி ஒன்றைச் சார்ந்த வழக்கில், 1998-இல் உச்ச நீதிமன்றம், தகுதியுள்ள எவரையும் தலைமை ஆசிரியராக்கும் உரிமை அரசியல் சட்டத்தின் 30-ஆவது பிரிவின்படி நிர்வாகத்துக்கு உண்டு என்றது. கல்லூரி முதல்வர் பதவிக்கும் 2006-இல் இதே நிலைப்பாட்டை எடுத்தது. பள்ளியின் போக்கைத் தீர்மானிப்பவர் தலைமை ஆசிரியரே என்பது இதன் அடிப்படை. தென்னிந்தியத் திருச்சபையின் தென்கேரளப் பேராயமும் நெய்யாற்றின்கரை லத்தீன் மறைமாவட்டமும் பள்ளிகளை நடத்தும் இப்பகுதியில், இத்தீர்ப்புகளின் தாக்கம் நேரடியானது.

எல்லையும் மொழியும்

1956 நவம்பர் 1-இல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் சென்னை மாநிலத்துடன் இணைந்தன. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கோரிய நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றது. சிறுபான்மை என்பதை மாநில அளவிலேயே கணக்கிட வேண்டும் என்று 2002-இல் டி.எம்.ஏ. பாய் வழக்கில் 11 நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. எனவே, களியக்காவிளையில் பெரும்பான்மையினரான தமிழர், எல்லையைக் கடந்து பாறசாலையில் காலடி வைத்ததும் மொழிச் சிறுபான்மையினர்.

தாய்மொழியில் தொடக்கக் கல்விக்கு வசதி செய்து தருமாறு 350-ஏ பிரிவு மாநிலங்களைப் பணிக்கிறது. 350-பி பிரிவின்படியான மொழிச் சிறுபான்மையினர் ஆணையரின் அறிக்கை நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் வைக்கப்படுகிறது. ஆனால், ஆணையர் பரிந்துரைக்கலாமே தவிர, உத்தரவிட முடியாது.

கேரளத் தேர்வாணையம் தொடக்கப் பள்ளி ஆசிரியர் பணியிடங்களைத் 'தமிழ் வழி' என்று தனியே குறித்து அறிவிக்கிறது. அதாவது, வகுப்பறை ஆசிரியருக்கு மொழி ஒரு தகுதி. தலைமைப் பதவிக்குப் பணிமூப்பும் துறைத் தேர்வும் மட்டுமே போதுமானால், பெற்றோரின் மொழியையோ ஆசிரியரின் பாடக் குறிப்பையோ படிக்கத் தெரியாதவரும் தமிழ் வழிப் பள்ளிக்குத் தலைமை ஏற்கலாம். மத அடிப்படையிலான உரிமையைக் கொண்ட நிர்வாகம் தெரிவு செய்யும்போதும் மொழி கட்டாயமாவதில்லை. காசர்கோட்டில் கன்னடம் அறியாத ஆசிரியர்களைக் கன்னட வழிப் பள்ளிகளில் நியமித்தபோது எழுந்த போராட்டங்கள் இந்த ஆபத்தை உணர்த்தியவை.

தீர்வு தொலைவில் இல்லை. யாரைத் தேர்ந்தெடுப்பது என்பதை நிர்வாகத்துக்கு விட்ட உச்ச நீதிமன்றம், கல்வித் தகுதியை வரையறுக்கும் அதிகாரத்தை அரசிடமே விட்டிருக்கிறது. தமிழ் வழி, கன்னட வழிப் பள்ளிகளின் தலைமை ஆசிரியருக்கு அந்தந்த மொழியறிவைத் தகுதியாகச் சேர்க்க அரசியல் சட்டத் திருத்தம் தேவையில்லை. கல்வி விதிகளில் ஒரு திருத்தம் போதும். பணிமூப்புக்கும் நிர்வாக உரிமைக்கும் இடையிலான வழக்கில் இதுவரை தரப்பாகச் சேர்க்கப்படாத மாணவருக்கு, அதன் மூலமாவது இடம் கிடைக்கும்.