தோட்டத்துப் பிள்ளைகளும் அருங்காட்சியகமும்

கண்டி ஹந்தானையில் 1925இல் எழுந்த தேயிலைத் தொழிற்சாலை 2001 முதல் அருங்காட்சியகமாக விளங்குகிறது. 1867இல் லூல்கந்துரையில் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெய்லரின் நினைவுப் பொருள்களும் பழைய இயந்திரங்களும் ஆங்குள. நன்று. ஆயின் கொழுந்து கிள்ளிய கைகளின் வரலாற்றைக் காணவேண்டுமாயின், கம்பளைக்கு அருகேயுள்ள ராஜதோட்டத்திற்கே செல்லவேண்டும். அங்கே சமூக அபிவிருத்தி நிறுவனம் 2007இல் பழைய லயன் அறைகளையே தொழிலாளர் அருங்காட்சியகமாக்கியது. உழைத்தோர் கையாண்ட கருவிகளும் வீட்டுப் பாத்திரங்களும் ஆவணங்களும் அங்கே பேணப்படுகின்றன. “எங்கள் லயமும் இதுதானே!” என்று அட்டன் பிள்ளைகள் நகைக்கக்கூடும், நகைக்கட்டும், அதுவே முதற்பாடம். 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் தம் முன்னோரை நாடற்றவராக்கியதை ஏட்டிற் படிப்பது ஒன்று. அம்முன்னோர் வாழ்ந்தது போன்ற அறையில் நின்று கேட்பது வேறொன்று.

பேருந்துக் கட்டணத்தை யார் கொடுப்பது? நாட்கூலி பெறும் தாயிடம் கேட்பது முறையன்று. நுவரெலியாவும் கண்டியும் ஒரே மத்திய மாகாணத்தினவே. ஆதலின் ஆண்டுதோறும் ஒவ்வொரு தோட்டப் பாடசாலையிலிருந்தும் ஒரு வகுப்பையேனும் மாகாணக் கல்வித் திணைக்களம் தன் செலவில் அனுப்பவேண்டுமென வற்புறுத்துகிறோம். தொலைவிலுள்ள பாடசாலைகளுக்குச் சில பொருள்களும் படங்களும் ஒரு பெட்டியில் வகுப்பறைக்கே செல்லட்டும். தோட்டத்திற் பிறந்து உத்தியோகம் பெற்ற நம் வாசகர் பலர் உளர். தாம் பயின்ற பாடசாலையின் வண்டிச் செலவை அவர்கள் ஏற்கலாகாதா? திணைக்களமோ வருந்தவணைக்குள் விடை கூறட்டும்.