ஆள் எடுப்பதில் சதவீத வரம்பும் ‘கேப்’ கேள்வியும்: எங்கள் நிலைப்பாடு

கோவையில் பம்பு, மோட்டார், அவற்றின் உதிரி பாகங்கள் செய்யும் சிறு நிறுவனங்களின் சங்கம் இது. ஆள் கிடைக்கவில்லை என்று கூட்டத்துக்குக் கூட்டம் புலம்புகிறோம். வந்த விண்ணப்பங்களில் பெரும்பகுதியைப் படிக்காமலே கழித்தும் விடுகிறோம். பத்தாவதிலும் பன்னிரண்டாவதிலும் 60 சதவீதம் வேண்டும், அரியர் கூடாது, நடுவில் ‘கேப்’ விழுந்திருக்கக் கூடாது. இவற்றை எங்களில் யாரும் யோசித்து எழுதவில்லை. பெரிய ஐ.டி. கம்பெனிகள் கல்லூரிகளில் மொத்தமாக ஆள் எடுக்க வைத்திருந்த சல்லடையை அப்படியே வாங்கி மாட்டிக்கொண்டோம். ஆண்டுக்கு ஐந்தாறு பேரைச் சேர்க்கும் பட்டறைக்கு அது எதற்கு?

இனி எங்கள் உறுப்பினர்கள் இந்த மூன்றையும் வைத்து யாரையும் கழிப்பதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம்.

உறுப்பினர் ஒருவரின் டெஸ்டிங் பிரிவுக்கு ஆள் தேடியபோது கோடு போட்ட தாளில் கையால் எழுதிய விண்ணப்பம் ஒன்று வந்தது. படிப்பு பத்தாவது. மாமாவின் ரீவைண்டிங் கடையில் ஒன்பது வருஷம். கேட்டிருந்த தகுதி டிப்ளமோ. “வந்ததுக்கு அந்த மோட்டாரப் பார்த்துட்டுப் போகட்டுங்க” என்றார் ஃபோர்மேன். ‘தொட்டால் ஷாக் அடிக்கிறது’ என்று வாடிக்கையாளர் திருப்பியனுப்பிய மோட்டார் அது. டிப்ளமோ முடித்திருந்த இருவர் நேரே கரண்ட் கொடுத்து ஓட்டிப் பார்க்கக் கிளம்பினார்கள். இவர் முதலில் ஷாஃப்டைக் கையால் சுற்றினார். டெர்மினல் பெட்டியைத் திறந்து மூக்கை வைத்தார். பிறகு மின்கசிவைச் சோதிக்கும் மெக்கரைக் கேட்டார். முள் பூஜ்யத்தைவிட்டு நகர மறுத்தது. “கருகின வாசமில்லைங்க. காயில் எரியல, ஈரம் குடிச்சிருக்கு. பிரிக்க வேண்டாம், ராத்திரி ஓவன்ல வெச்சுக் காலைல பார்க்கலாங்க” என்றார். காலையில் முள் ஏறியது. ஒரு ரீவைண்டிங் செலவு மிச்சம். மற்ற இருவரும் விவரமில்லாதவர்கள் அல்லர். மெக்கரைப் பற்றித் தேர்வில் எழுதியிருக்கிறார்கள், கையில் பிடித்ததில்லை, அவ்வளவுதான்.

1937-இல் இந்தியாவின் முதல் மின்மோட்டார் உருவான ஊர் இது, அதில் பங்குள்ள ஜி.டி.நாயுடு பள்ளிப்படிப்பை முடிக்காதவர் என்று மேடைதோறும் சொல்லிக் கைத்தட்டல் வாங்குகிறோம். மேதைகளைக் காட்டி வாதாடுவதில் எங்களுக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. எஃப்.ஏ. தேர்வில் தோற்ற ராமானுஜனுக்கு 1912-இல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்குக் குமாஸ்தா வேலை கிடைத்தது உண்மை. ஆனால் அந்த விண்ணப்பத்தோடு மாநிலக் கல்லூரிக் கணிதப் பேராசிரியர் மிடில்மாஸ்டின் பரிந்துரையும் போனது. அப்படிச் சொல்ல ஆளில்லாதவர் என்ன செய்வார்? எங்களிடமும் ‘தெரிஞ்ச பையன்’ என்றால் சதவீதம் மறந்துவிடுகிறது. வரம்பெல்லாம் தெரியாத பையனுக்குத்தான். ஆகவே வேலையைச் செய்து காட்டச் சொல்லும் சோதனை எல்லோருக்கும் பொது, முதலாளியின் மைத்துனருக்கும் சேர்த்து.

பிளஸ் டூ முடித்தவர்களுக்கு உதவித்தொகை கொடுத்து, கற்பித்து, வேலையும் தரும் பள்ளியைச் சோஹோ பல ஆண்டுகளாக நடத்துகிறது. அந்தப் பண வசதி எங்களுக்கில்லை. எங்கேயோ ஏற்கெனவே கற்றுக்கொண்டு வந்து நிற்பவரை அடையாளம் காண்பது எங்களால் முடியும்.

குழந்தைக்காகவோ, படுக்கையில் கிடந்த பெரியவருக்காகவோ வேலையை விட்ட பெண்களிடம் ‘இத்தனை வருஷம் என்ன செய்தீர்கள்’ என்று இனிக் கேட்கப்படாது. சி.என்.சி. கண்ட்ரோல் மாறியிருந்தால் பழகிக்கொள்ள இரண்டு வாரம் சம்பளத்தோடு தரப்படும்.

சட்டம் சான்று கேட்கும் இடங்களில் நாங்களும் கேட்போம். கொதிகலன் இயக்குபவர், வயரிங் செய்பவர் விஷயத்தில் சமரசமில்லை.

செய்து காட்டும் சோதனைக்கு நேரமாகும் என்று சில உறுப்பினர்கள் எதிர்த்தார்கள். அவர்கள் சொல்வது சரி. ஃபோர்மேனின் அரை நாள் போகும். தவறான ஆளை எடுத்து ஆறு மாதம் ஓட்டுவதைவிட அது மலிவு என்பது எங்கள் கணக்கு. இன்னொரு பயம் எங்களுக்கே உண்டு. சான்றிதழ் இல்லாதவர் குறைந்த சம்பளத்துக்கு வருவார் என்ற ஆசையில் சிலர் இந்த முடிவை ஆதரித்திருக்கலாம். அவர்களுக்கு ஒரு வார்த்தை: அதே பெஞ்சில் அதே வேலை செய்பவருக்கு அதே சம்பளம். இதை மீறும் நிறுவனத்தின் பெயர் சங்கத்தின் ஆள்சேர்ப்பு அறிவிப்பில் இடம்பெறாது.

சோதனைக்கு வருபவருக்கு அரை நாள் கூலி உண்டு. விற்பனைக்குப் போகும் வேலையைச் சோதனை என்ற பெயரில் வாங்கக் கூடாது. சோதனைக்கென்றே பழுதான 3 எச்.பி. மோட்டார்கள் இரண்டைச் சங்க அலுவலகத்தில் வாங்கி வைத்திருக்கிறோம். உறுப்பினர்கள் எடுத்துப்போய்ப் பயன்படுத்தலாம். யாராவது சரிசெய்துவிட்டால் மறுபடி பழுதாக்கித் திருப்பித் தரவும்.