பழைய வில்லையும் புதிய பெட்டியும்

ஊருக்கு ஒரு போட்டோ ஸ்டுடியோ இருந்த காலம் போய், ஆளுக்கு ஒரு கேமரா இருக்கும் காலம் வந்துவிட்டது. சட்டைப்பையில் கிடக்கும் கைப்பேசி கண்மூடித் திறப்பதற்குள் பத்துப் படங்களை எடுத்துத் தள்ளுகிறது. தூரம் பார்ப்பதும் அதுவே. வெளிச்சம் அளப்பதும் அதுவே. முகத்திலுள்ள சுருக்கத்தைத் துடைப்பதும் அதுவே. இத்தகைய நாளில், நாற்பது ஆண்டுகளுக்கு முந்திய வில்லை ஒன்றைப் புதிய டிஜிட்டல் கேமராவில் மாட்டிக்கொண்டு, விரலால் வளையத்தைத் திருகித் திருகி ஒருவன் படமெடுத்தால் நகைப்பவர்கள் நகைக்கத்தான் செய்வார்கள். அவ்வாறு நகைக்கப்பட்டவர்களுள் நானும் ஒருவன். "மாட்டு வண்டிக்கு ஏரோப்ளேன் எஞ்சின் பூட்டுகிறாயா?" என்று கேட்ட வகுப்புத் தோழர்களுக்கு விடை சொல்லவே இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன்.

அந்த வில்லை என் தாய்மாமனுடையது. ராசிபுரத்தில் சிறிய ஸ்டுடியோ ஒன்றை நடத்திவந்தவர் அவர். பிலிம் சுருளின் காலம் முடிந்தபோது ஸ்டுடியோவின் காலமும் முடிந்தது. இரும்புப் பீரோவில் எஞ்சிக் கிடந்தது சோவியத் நாட்டில் செய்யப்பட்ட ஜெனிட் கேமராவும், அதனுடன் வந்த 'ஹீலியோஸ் 44-2' என்னும் வில்லையுமே. கேமராவின் திரை பழுதாகிவிட்டது, வில்லை பழுதாகவில்லை. "பெட்டி செத்துப்போச்சு மாப்ளே, கண்ணு இன்னும் சாகல. எடுத்துக்கிட்டுப் போ" என்று சொல்லி அதை என் கையில் கொடுத்தார். என் சித்தப்பா மகன் பயன்படுத்தி விட்டிருந்த டிஜிட்டல் கேமரா ஒன்று எனக்கு வாய்த்திருந்தது. செத்த பெட்டியின் கண்ணை உயிருள்ள பெட்டிக்கு வைத்தது இப்படித்தான்.

பௌதிகம் பயிலும் மாணவன் என்ற முறையில் இதன் இயல்பைச் சிறிது கூற விரும்புகிறேன். 35 மில்லிமீட்டர் பிலிமின் சட்டம் 36 மில்லிமீட்டர் நீளமும் 24 மில்லிமீட்டர் அகலமும் உடையது. அதன் மூலைவிட்டம் ஏறத்தாழ 43 மில்லிமீட்டர். குவியத் தூரம் இதற்கு அருகில் இருக்கும் வில்லையே இயல்பு வில்லை, அதாவது 'நார்மல் லென்ஸ்' எனப்படும். பழக்கத்தில் 50 மில்லிமீட்டர் நிலைத்துவிட்டது. ஹீலியோஸ் 58 மில்லிமீட்டர். பழைய கேமராக்கள் பலவற்றை வாங்கும்போதே இயல்பு வில்லை ஒன்று உடன் வரும். ஆகவேதான் பழைய பீரோக்களில் இவ்வகை வில்லைகளே மிகுதியாகக் கிடைக்கின்றன. இவற்றின் அமைப்புக்கு மூலம், 1896-ஆம் ஆண்டில் ஜெர்மனியில் சைஸ் நிறுவனத்துக்காகப் பால் ருடால்ப் வகுத்த 'பிளானார்' ஆகும். அந்த வழியில் வந்த 'பயோட்டார்' வில்லையின் அமைப்பைப் பின்பற்றியே சோவியத் நாட்டவர் ஹீலியோஸைச் செய்தனர். நான்கு தொகுதிகளாக ஆறு கண்ணாடித் துண்டுகள். அவற்றைச் சுற்றி உலோகம். மின்சாரம் ஓடும் பகுதி ஒன்றுகூட இல்லை. கெடுவதற்கு அதில் மிகுதியாக எதுவும் இல்லை என்பதே அதன் நீண்ட ஆயுளின் இரகசியம்.

பழைய வில்லை புதிய கேமராவில் எப்படிப் பொருந்துகிறது? ஹீலியோஸின் பின்புறம் 42 மில்லிமீட்டர் விட்டமுள்ள திருகு. அதன் இருக்கையிலிருந்து பிலிம் வரையில் 45.46 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கவேண்டும் என்பது விதி. கண்ணாடி இல்லாத புதிய கேமராக்களில் அந்த இடைவெளி மிகக் குறைவு. சோனியின் ஈ-மவுண்டில் 18 மில்லிமீட்டர்தான். மிச்சமுள்ள 27.46 மில்லிமீட்டரை வெறும் உலோக வளையம் ஒன்று நிரப்பிவிடுகிறது. இடைவெளி கூடிவிட்டால் தொலைவிலுள்ள மலை தெளிவாக விழாது. நிக்கான் கம்பெனியின் பழைய எஸ்.எல்.ஆர். கேமராக்களின் இடைவெளி 46.5 மில்லிமீட்டர். அதில் இவ்வில்லையை வெறும் வளையத்தால் மாட்டினால் பக்கத்திலுள்ள பூ தெளியும். நாமக்கல் கோட்டை தெளியாது. ஒரு மில்லிமீட்டர் வித்தியாசம் ஒரு மலையையே மறைத்துவிடுகிறது!

வளையத்தை மாட்டியதும் கேமராவுக்குத் தன்மேல் வில்லை இருப்பதே தெரியாது. "லென்ஸ் இல்லாமலும் படமெடுக்கலாம்" என்று அதன் பட்டியலில் அனுமதி கொடுத்த பிறகே அது இயங்கும். அதன்பின் தூரமும் துவார அளவும் நம் பொறுப்பு. ஹீலியோஸில் துவாரத்துக்கு இரண்டு வளையங்கள்: ஒன்று எந்த எண்ணில் நிற்கவேண்டும் என்று குறித்து வைப்பதற்கு, மற்றொன்று அந்த எண் வரையில் மூடித் திறப்பதற்கு. திறந்து வைத்துத் தூரம் பார்த்து, பிறகு மூடிப் படமெடுக்க வேண்டும். இரண்டு மீட்டர் தூரத்தில் நிற்பவரை எடுக்கையில், எண் 2-இல் என் கேமராவில் தெளிவாக விழுவது ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் ஆழம் மட்டுமே. எண் 4-இல் அது 20 சென்டிமீட்டர், எண் 8-இல் ஏறத்தாழ 40. கண் தெளிந்தால் காதோலை தெளியாது என்ற நிலையில், எது தெளியவேண்டும் என்று நாமே தீர்மானித்தாக வேண்டும்.

இவ்வளவு தொல்லை எதற்கு என்று கேட்பீர்கள். இதற்கு விடை எனக்கு ஆய்வுக்கூடத்தில் கிடைக்கவில்லை; ஜவ்வரிசிக் களத்தில் கிடைத்தது.

சேலம், நாமக்கல் மாவட்டங்களில் குச்சிக்கிழங்கு விளையாத ஊர்ப்புறம் குறைவு. அக்கிழங்கை அரைத்து, பாலைத் தொட்டியில் தெளியவிட்டு, மாவைக் குருணையாக உருட்டி, வறுத்து, சிமெண்டுக் களத்தில் வெயிலில் பரப்புகிறார்கள். கண்ணுக்கெட்டிய தூரம் வெண்மை. ஆலைக்காரர்களின் கூட்டுறவுச் சங்கமான சேகோசர்வ் 1981-இல் சேலத்தில் தொடங்கப்பட்டது. 2023-இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. அந்த வெண்மையில் கால் பதித்து, கையில் பலகை பிடித்துக் கிளறிவிடும் பெண்களுள் என் அம்மாவும் ஒருவர்.

ஒரு மாலைப்பொழுதில், மேலாளரிடம் அனுமதி பெற்று, அம்மாவைக் களத்தில் வைத்துப் படமெடுத்தேன். முதற்படம் கைப்பேசியில். முகம் பளிச்சென்று விழுந்தது. ஆனால் நெற்றிச் சுருக்கங்கள் இல்லை. கன்னத்தில் சிறுவயதுத் தழும்பு இல்லை. நிறம் இரண்டு மடங்கு வெளுத்திருந்தது. பார்த்த அம்மா, "இது யாரு சாமி? சின்னம்மா மாதிரி இருக்கு" என்றார். இரண்டாம் படம், டிஜிட்டல் கேமராவில் அதன் சொந்த வில்லையை மாட்டி, எல்லாவற்றையும் அதன் பொறுப்பில் விட்டு எடுத்தது. இப்போது ஜவ்வரிசி சாம்பல் நிறமாயிற்று. அம்மாவின் முகம் கரிக்கட்டையாயிற்று. கண் எங்கே, மூக்கு எங்கே என்று தேடவேண்டியிருந்தது.

கேமராவின்மீது குற்றமில்லை. அதன் ஒளிமானி, தன் முன் உள்ள காட்சி நடுத்தரச் சாம்பல் நிறம் என்று வைத்துக்கொண்டு கணக்கிடுகிறது. விழும் ஒளியில் நூற்றுக்கு 18 பங்கைத் திருப்பியனுப்பும் நிறம் அது. வெண்மையோ நூற்றுக்கு 80-க்கு மேல் திருப்பியனுப்பும். சட்டம் முழுதும் வெண்மை நிறைந்தால், வெளிச்சம் மிகுந்துவிட்டது என்று எண்ணி ஏறத்தாழ இரண்டு படிகள் குறைத்துவிடுகிறது. வெண்மை சாம்பலாகிறது, கறுத்த முகம் இருளில் மூழ்குகிறது. சரக்குக்கும் சரி, சரக்கைக் காயவைத்தவருக்கும் சரி, நியாயம் கிடைப்பதில்லை.

மூன்றாம் முறை மாமாவின் வில்லையை மாட்டினேன். மாமா சொல்லித்தந்த பழைய ஸ்டுடியோக் கணக்கு ஒன்று உண்டு. படமெடுக்கப்படுபவர் நிற்கும் அதே வெயிலில் உள்ளங்கையைக் காட்டச் சொல்லி, அதை மட்டும் அளந்து, அதன்மேல் ஒரு படி கூட்டவேண்டும். அம்மா கையை விரித்தார். அளந்தேன், ஒரு படி கூட்டினேன், துவாரத்தை 4-இல் நிறுத்தினேன். முதல் முயற்சி தோற்றது: தலையில் கட்டியிருந்த துண்டின் நூலிழை தெளிந்தது, கண் தெளியவில்லை. இரண்டாவது முயற்சிக்கு வளையத்தை மெல்லத் திருகினேன். "என்ன சாமி, இத்தன நேரமா திருகற? வெயிலு போயிருமல்ல" என்று அம்மா சிரித்தார். அந்தச் சிரிப்பில் கண்ணருகே சுருக்கங்கள் விழுந்த நொடியில் படம் விழுந்தது. ஜவ்வரிசி வெண்மையாகவே இருந்தது. அம்மா அம்மாவாகவே இருந்தார். நிறம், தழும்பு, சுருக்கம் உட்பட.

என் கருத்து இதுதான். எந்த முகத்துக்கு எவ்வளவு வெளிச்சம் என்று தீர்மானிப்பது வெறும் கணக்கன்று; அது ஒரு நியாயம். அந்தத் தீர்ப்பை இயந்திரத்தின் கையில் கொடுத்துவிட்டால், அது ஒன்று நம் உழைப்பாளிகளை இருட்டடிக்கிறது. இல்லையேல் வெளுத்துக் காட்டுகிறது. ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடு உண்டு. அதைக் கிளறும் கைகளுக்கு ஒரு நல்ல படமாவது வேண்டாமா?

"அப்படியானால் புதிய வில்லையிலும் கையால் வைத்து எடுக்கலாமே, பழையது எதற்கு?" என்று கூரிய நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. உள்ளங்கைக் கணக்கு எந்த வில்லையிலும் செல்லும். புதிய கேமராவில் வெளிச்சத்தைக் கூட்டவும் குறைக்கவும் தனிப் பொத்தானே உண்டு. ஆனால் குறுக்குவழி திறந்திருக்கும்போது நெடுவழியில் நடப்பவர் எத்தனை பேர்? நான் அதே கேமராவை ஓராண்டு வைத்திருந்தேன். அந்தப் பொத்தானை ஒருநாளும் தொட்டதில்லை. பழைய வில்லை என்னைத் தொட வைத்தது. நீச்சல் கற்கச் சென்றவனின் முதுகிலிருந்து சுரைக்குடுக்கையை அவிழ்த்துவிடுவது போன்றது அது.

இவ்வில்லையைக் குறையற்றது என்று நான் வாதிடவில்லை. சூரியனுக்கு எதிரே காட்டினால் படம் முழுவதும் வெள்ளாவி படர்ந்ததுபோல் ஆகிவிடும். முழுதும் திறந்தால் ஓரங்களில் கூர்மை இல்லை. ஓடும் குழந்தையைப் பிடிப்பது அரிது; கபடிப் போட்டியில் முயன்று பத்துக்கு ஒன்பது படங்களைப் பாழாக்கினேன். தாலி கட்டும் நேரத்தில் இதை நம்பி நிற்பது பேதைமை. கல்யாண வீட்டுக்குப் போகும் தொழிலாளர் தானியங்கி வில்லை வைத்திருப்பதே முறை. நான் பேசுவது பிழைப்பைப் பற்றியன்று, பயிற்சியைப் பற்றி.

நம் சேலத்துக்கு இது புதிய செய்தியும் அன்று. 1935-இல் டி. ஆர். சுந்தரம் அவர்கள் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ் நூற்றுக்கும் மேற்பட்ட படங்களை எடுத்தது. முழுநீள வண்ணப்படமாகத் தமிழில் முதன்முதல் வந்த 'அலிபாபாவும் நாற்பது திருடர்களும்' 1956-இல் அங்கிருந்தே வெளிவந்தது. அக்காலத்துச் சினிமாவில் கேமராவுக்கும் நடிகருக்கும் இடையே நாடாப் பிடித்துத் தூரம் அளப்பார்கள். நடிகர் நடக்க நடக்க உதவியாளர் ஒருவர் கையாலேயே வளையத்தைத் திருப்பிக்கொண்டு வருவார். இன்று ஏற்காடு சாலையில் அதன் நுழைவாயில் வளைவு மட்டுமே நிற்கிறது. வளைவைக் காப்பாற்றவேண்டும் என்று பேசுகிறோம், நன்று. அந்த வளைவுக்குள் வாழ்ந்த கைத்திறனை யார் காப்பாற்றுவது?

ஆகவே ஒரு வேண்டுகோள் விடுக்கிறேன். ஆத்தூர், ராசிபுரம், திருச்செங்கோடு, நாமக்கல் என நம் பக்கத்து ஊர்களில் மூடிய ஸ்டுடியோக்கள் எத்தனையோ. அவற்றின் பீரோக்களில் இத்தகைய வில்லைகள் தோலுறைக்குள் உறங்குகின்றன. தோலுறை ஈரத்தை இழுக்கும். ஈரம் பூஞ்சையைக் கூட்டும். பூஞ்சை கண்ணாடியின் மேற்பூச்சை அரித்துவிடும். இன்னும் பத்தாண்டு சென்றால் அவை எதற்கும் உதவா. நம் கல்லூரி நுண்கலை மன்றம் அவற்றைக் கேட்டுப் பெற்று, பௌதிகத் துறையின் உதவியுடன் துடைத்துக் காற்றோட்டமாக வைத்து, விரும்பும் மாணவர்க்கு நூலகப் புத்தகம்போல் வாரம் ஒன்றுக்கு இரவல் தரவேண்டும். ஒரு வில்லை வாங்கும் பணத்தில் பல வளையங்கள் வாங்கிவிடலாம். வில்லையைப் பெறும் மாணவர் ஒவ்வொருவரும் ஒரே ஒரு படம் கொண்டுவரட்டும்: தறி முன் அமர்ந்திருக்கும் தந்தை, கொலுசுக்குப் பற்றவைக்கும் அண்ணன், லாரிக்குக் கூண்டு கட்டும் மாமன், கோழிப்பண்ணையில் முட்டை அடுக்கும் அக்கா. அடுத்த ஆண்டு மலரில் அப்படங்கள் வரட்டும்.

அம்மாவின் படத்தை அச்சிட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறேன். சென்ற வாரம் மாமா வந்தவர் அதன் முன் நெடுநேரம் நின்றார். வில்லையைப் பற்றி ஒரு சொல்லும் கேட்கவில்லை. "அக்கா இப்பிடித்தான் சிரிக்கும்" என்றார். அதைவிட நற்சான்று எனக்கு வேண்டியதில்லை.