பரண் மேல் கிடக்கும் டி.வி. கேம்: பழைய இரும்புக் கடைக்குப் போடலாமா?

தேவிபட்டினம் என்றதும் எல்லோருக்கும் நவபாஷாணம் ஞாபகத்துக்கு வரும். கடலுக்குள் நிற்கும் 9 கற்கள். ராமபிரான் தன் கையால் நட்டு, நவக்கிரகங்களை வழிபட்டார் என்பது நம்பிக்கை. ஆடி அமாவாசை, தை அமாவாசை வந்துவிட்டால் கூட்டம் அலைமோதும்.

இது வெளியூர்க்காரர்களுக்குத் தெரிந்த தேவிபட்டினம்.

உள்ளூர்க்காரர்களுக்குத் தெரிந்த தேவிபட்டினம் ஒன்று உண்டு. அது வலை வீசிப் பிழைப்பவர்களின் ஊர். கடல் கடந்து சம்பாதிக்கப் போனவர்களின் ஊர். தேவிபட்டினம், தொண்டி, கீழக்கரை என்று இந்தக் கரை நெடுகிலும் அப்படித்தான். மலேசியா, சிங்கப்பூர், துபாய், சவூதி என்று போனவர்கள் பல குடும்பங்களில் இருக்கிறார்கள்.

போனவர்கள் லீவில் வருவார்கள். கூடவே பெட்டி வரும். பெட்டியைச் சுற்றி வீடே உட்கார்ந்திருக்கும். செண்டு பாட்டில் வரும். கோடாலித் தைலம் வரும். டார்ச் லைட் வரும். 1990-ம் ஆண்டுகளில் பிள்ளைகளுக்கு என்று இன்னொரு சாமானும் வந்தது.

அதுதான் டி.வி. கேம்!

ஒரு பிளாஸ்டிக் பெட்டி. அதில் இருந்து 2 வயர். வயரின் நுனியில் விரலால் அமுக்கும் பொத்தான்கள். ஒரு விளையாட்டுத் துப்பாக்கி. உள்ளங்கை அளவில் ஒரு கேசட். பெட்டியை டெலிவிஷனில் மாட்டிச் சேனலைத் திருப்பினால், மீசை வைத்த ஒரு குட்டை மனிதன் திரையில் ஓடுவான். ஆமையை மிதிப்பான். காசைப் பொறுக்குவான். அவன்தான் மேரியோ.

அன்று அந்தப் பெட்டி இருந்த வீட்டுக்குத் தெருப் பிள்ளைகள் எல்லாம் வந்துவிடுவார்கள். செருப்பு வாசலை அடைத்துக் கிடக்கும். "ஒரு உயிர் போனால் அடுத்தவனுக்குக் கொடுக்கணும்" என்பதுதான் சட்டம். அந்தச் சட்டத்தால் நடந்த சண்டைகளுக்குக் கணக்கு இல்லை.

இன்று அந்தப் பெட்டி எங்கே?

பரண் மேல் கிடக்கிறது. வயர் சுற்றிய நிலையில், பழைய பாய்க்கும் ஓட்டைக் குடத்துக்கும் நடுவே கிடக்கிறது. வீட்டுக்கு வெள்ளை அடிக்கும்போது கீழே வரும். "இது எதற்கு?" என்று யாராவது கேட்பார்கள். மறுநாள் காயலாங்கடை வண்டியில் ஏறிவிடும். எடைக்குக் கிடைப்பது டீச் செலவுக்குத்தான் ஆகும்.

இது சரியல்ல. இந்தப் பெட்டிகளைப் பத்திரமாக வைக்க வேண்டும். முடிந்தால் ஓட வைக்க வேண்டும். காரணம் இருக்கிறது.

15 கோடி ரூபாய் கேசட்!

பழைய டி.வி. கேம்களைச் சேர்ப்பது உலகம் முழுவதும் பெரிய ஆசையாக இருக்கிறது. பழைய தபால் தலை சேர்ப்பார்கள் அல்லவா? அது மாதிரிதான்.

2021 ஆகஸ்டு மாதம் அமெரிக்காவில் ஒரு மேரியோ கேசட் விற்கப்பட்டது. விலை 20 லட்சம் டாலர். அன்றைய கணக்கில் ஏறத்தாழ 15 கோடி ரூபாய்! அந்தக் கேசட்டில் அப்படி என்ன விசேஷம்? அதை யாருமே விளையாடியதில்லை. உறை கூடப் பிரிக்காமல் அப்படியே இருந்தது. அதற்குத்தான் அந்த விலை.

விளையாடுவதற்குச் செய்த ஒரு சாமானை விளையாடாமல் வைத்திருந்தால் கோடிக்கணக்கில் விலை. நூறு பிள்ளைகள் கை வைத்த சாமானுக்கு விலை இல்லை. பணக்காரர்களின் கணக்கு அப்படி.

நம் பரண் மேல் கிடக்கும் பெட்டியை இந்தச் சேகரிப்புக்காரர்களிடம் காட்டினால் பலர் திரும்பிக் கூடப் பார்க்க மாட்டார்கள். "இது போலி" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுவார்கள்.

அசல் எது?

அவர்கள் சொல்வது பொய் அல்ல.

ஜப்பானில் கியோட்டோ நகரில் நின்டெண்டோ என்ற கம்பெனி இருக்கிறது. 1889-ல் தொடங்கிய கம்பெனி. முதலில் அது செய்தது சீட்டுக்கட்டு! 1983 ஜூலை 15-ந் தேதி "பேமிலி கம்ப்யூட்டர்" என்ற டி.வி. கேம் பெட்டியை அந்தக் கம்பெனி விற்பனைக்குக் கொண்டு வந்தது. சிவப்பும் வெள்ளையுமான பெட்டி. விலை 14,800 யென். அதை வடிவமைத்த என்ஜினீயர் மசயுகி உவெமுரா. அவர் 2021-ல் காலமானார். 1985-ல் மேரியோ ஆட்டம் வந்தது. உலகம் முழுவதும் 6 கோடிக்கு மேற்பட்ட பெட்டிகள் விற்றன.

அந்தப் பெட்டியைப் பார்த்து, தைவானிலும் சீனாவிலும் அதே மாதிரி பெட்டிகளைச் செய்தார்கள். அசல் பெட்டிக்குள் பல சில்லுகள் இருக்கும். நகல் பெட்டியைத் திறந்தால் பெரும்பாலும் ஒரு கறுப்புப் பொட்டுதான் இருக்கும். எல்லா வேலையையும் அந்தப் பொட்டுக்குள் அடக்கிவிட்டார்கள். அதனால் விலை மலிவு. ரஷ்யாவில் அதை "டெண்டி" என்ற பெயரில் விற்றார்கள். நம் நாட்டில் "மீடியா" என்றும் "லிட்டில் மாஸ்டர்" என்றும் பல பெயர்களில் விற்றார்கள்.

கேசட்டின் மேல் "9,99,999 ஆட்டங்கள்" என்று அச்சடித்திருக்கும். போட்டுப் பார்த்தால் சில ஆட்டங்களே திரும்பத் திரும்ப வரும்! பிள்ளைகள் ஏமாந்தார்கள். ஆனாலும் கடைசி நம்பர் வரை தள்ளிப் பார்க்காத பிள்ளை இல்லை.

ஜப்பான்காரர் மூளையைக் கசக்கிச் செய்த ஒன்றை, காசு கொடுக்காமல் நகல் எடுத்து விற்றது திருட்டுதான். அதை மூடி மறைக்க வேண்டியதில்லை. ஆனால் வாங்கிய குடும்பத்துக்கு அது தெரியாது. துபாய்க் கடையில் கட்டிட வேலை பார்க்கும் ஓர் அத்தா, தன் மகனுக்கு என்று சம்பளத்தில் மிச்சம் பிடித்து அதை வாங்கினார். அவர் போலியையும் வாங்கவில்லை, அசலையும் வாங்கவில்லை. பிள்ளைக்கு விளையாட்டுச் சாமான் வாங்கினார்.

நம் கரைக்கு வந்தது பெரும்பாலும் இந்த நகல்தான். ஆகவே நம் கதையைச் சொல்லக் கூடிய சாமானும் இந்த நகல்தான். ஜப்பான் பெட்டி ஜப்பான் கதையைச் சொல்லும். அமெரிக்கப் பெட்டி அமெரிக்கக் கதையைச் சொல்லும். அத்தா ஒரு நாட்டிலும் மகன் ஒரு நாட்டிலும் இருந்த காலத்தின் கதையை, அந்தக் கறுப்புப் பொட்டுப் பெட்டியைத் தவிர வேறு எது சொல்லும்? கடிதங்கள் கிழிந்துவிட்டன. செண்டு தீர்ந்துவிட்டது. பெட்டி மட்டும் மிச்சம் இருக்கிறது.

மேரியோவின் எடை

"எல்லாம் செல்போனிலேயே வருகிறதே, பெட்டி எதற்கு?" என்று கேட்கலாம்.

எல்லாம் வருவதில்லை. அமெரிக்காவில் 2023-ல் ஓர் ஆராய்ச்சி செய்தார்கள். 2010-க்கு முன்பு அங்கே வெளிவந்த ஆட்டங்களில் 100-க்கு 87 இன்று எந்தக் கடையிலும் விற்பனைக்கு இல்லை. பழைய பெட்டி போனால் அந்த ஆட்டமும் போயிற்று. நிலைமை அமெரிக்காவிலேயே இப்படி!

அங்கே ராசெஸ்டர் நகரில் விளையாட்டுச் சாமான்களுக்கு என்றே ஒரு மியூசியம் இருக்கிறது. 2015-ல் அங்கே வீடியோ கேம்களுக்கு ஒரு புகழ் மண்டபம் தொடங்கினார்கள். முதல் வருஷம் இடம் பிடித்த 6 ஆட்டங்களில் மேரியோவும் ஒன்று.

அந்த மேரியோ ஆட்டம் முழுவதும் எவ்வளவு பெரிசு தெரியுமா? வெறும் 40 கிலோபைட். இன்று செல்போனில் எடுக்கும் ஒரு கல்யாணப் போட்டோ அதைப் போல 50 மடங்கு இருக்கும்! அந்தச் சின்ன இடத்துக்குள் 32 கட்டங்களை அடக்கினார்கள். திரையில் தெரியும் மேகத்தையும் செடியையும் உற்றுப் பாருங்கள். இரண்டும் ஒரே படம். வெள்ளை அடித்தால் மேகம். பச்சை அடித்தால் செடி. சிக்கனம் என்றால் இதல்லவா சிக்கனம்!

காண்ட்ரா என்ற ஆட்டத்தையும் பலர் மறந்திருக்க மாட்டார்கள். 2 பேர் துப்பாக்கியோடு ஓடுவார்கள். மேல், மேல், கீழ், கீழ், இடது, வலது, இடது, வலது, பி, ஏ. இந்த வரிசையில் பொத்தானை அமுக்கினால் 30 உயிர் கிடைக்கும்! இந்த ரகசியத்தை முதலில் வேறொரு ஆட்டத்துக்காக வைத்தவர் கசுஹிசா ஹஷிமோட்டோ என்ற ஜப்பான்காரர். கிரேடியஸ் என்ற ஆட்டத்தை அவர் சோதித்துப் பார்க்க வேண்டியிருந்தது. ஆட்டம் கஷ்டமாக இருந்ததால் தன் வசதிக்கு ஒரு குறுக்கு வழி போட்டார். அது அப்படியே ஆட்டத்தில் தங்கிவிட்டது. ஜப்பானில் ஒருவர் தன் வேலைக்காகப் போட்ட வழி, புத்தகம் இல்லாமல், பேப்பர் இல்லாமல், வாய் வழியாகவே ராமநாதபுரம் சீமைத் தெருக்கள் வரை வந்து சேர்ந்தது. விடுகதை பரவுவது போல் பரவியது. அவர் 2020-ல் காலமானார்.

இலவச டி.வி. எங்கே?

இன்னொரு சாமானும் இதோடு சேர்ந்தது. அதைச் சொல்லாவிட்டால் விஷயம் பாதிதான்.

துப்பாக்கியால் வாத்து சுடும் ஆட்டம் ஞாபகம் இருக்கிறதா? குறி தவறினால் நாய் புல்லுக்குள் இருந்து எழுந்து சிரிக்குமே, அந்த ஆட்டம். துப்பாக்கியில் இருந்து குண்டும் வராது, ஒளியும் வராது. பிறகு வாத்து எப்படி விழுகிறது?

துப்பாக்கி சுடுவதில்லை. அது பார்க்கிறது. விசையை அழுத்தியதும் கண் இமைக்கும் நேரம் திரை கறுப்பாகும். வாத்து இருந்த இடம் மட்டும் வெள்ளையாகும். துப்பாக்கியின் வாய்க்குள் இருக்கும் சின்னக் கண், அந்த வெள்ளையைப் பார்த்துவிட்டால் வாத்து விழும். பார்க்காவிட்டால் நாய் சிரிக்கும்.

இந்த வித்தை பின்பக்கம் புடைத்த பழைய டெலிவிஷனில்தான் நடக்கும். இன்றைய தட்டை டெலிவிஷன் படத்தைக் கொஞ்சம் தாமதித்துக் காட்டுகிறது. அந்தத் தாமதம் நம் கண்ணுக்குத் தெரியாது. துப்பாக்கிக்குத் தெரிந்துவிடும். தட்டை டி.வி.யில் எத்தனை முறை சுட்டாலும் நாய்தான் சிரிக்கும்!

அதனால் வெளிநாட்டில் பழைய டெலிவிஷனைத் தேடிப் பிடித்து, காசு கொடுத்து வாங்குகிறார்கள். நம் ஊரிலோ 2006-ல் தொடங்கி 2011 வரை தமிழக அரசு இலவசமாகக் கலர் டி.வி. கொடுத்தது. 14 அங்குல டி.வி. ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்குப் போயிற்று. எல்லாம் பின்பக்கம் புடைத்த ரகம்தான். பல வீடுகளில் பரண் மேல் இருந்த பெட்டி, இலவச டி.வி. வந்த பிறகு மறுபடி கீழே இறங்கியது. தம்பிமார்கள், மருமகன்கள் என்று அடுத்த செட் பிள்ளைகள் விளையாடினார்கள்.

அந்த டி.வி.களும் இப்போது காயலாங்கடையில்தான் உடைகின்றன. ஓடுகிற டி.வி. வீட்டில் இருந்தால் அதை அவசரப்பட்டுப் போட வேண்டாம். ஓடாத டி.வி.யை வீட்டில் யாரும் திறக்கவும் வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே ஷாக் அடிக்கும் மின்சாரம் தங்கியிருக்கும். அது மெக்கானிக் வேலை.

ஊத வேண்டாம்!

கேசட் ஓடாவிட்டால் என்ன செய்வோம்? வாயால் ஊதுவோம். ஊதிப் போட்டால் ஓடும். உலகம் முழுவதும் பிள்ளைகள் இதையே செய்தார்கள். யார் சொல்லிக் கொடுத்தது என்று தெரியாது.

ஊதியதால் ஓடவில்லை என்பதுதான் உண்மை. கழற்றி மறுபடி சரியாக மாட்டியதால் ஓடியது. ஊதும்போது எச்சில் ஈரம் போய் உலோகத்தில் படும். நாளாக நாளாகக் களிம்பு ஏறும். கடல் உப்புக் காற்றில் சைக்கிளே துரு ஏறுகிற ஊரில், எச்சிலும் சேர்ந்தால் கேட்க வேண்டுமா?

கேசட்டின் பல் போன்ற பகுதியை வெள்ளை ரப்பரால் மெதுவாகத் தேய்க்கலாம். பிறகு எலக்ட்ரானிக்ஸ் கடையில் கிடைக்கும் ஸ்பிரிட்டைப் பஞ்சில் தொட்டுத் துடைக்கலாம். நன்றாகக் காய்ந்த பிறகு மாட்ட வேண்டும். அடாப்டர் தொலைந்து போயிருந்தால், வீட்டில் கிடக்கும் ஏதோ ஒன்றைச் செருகிவிடக் கூடாது. பெட்டிக்குப் பெட்டி வோல்ட் மாறும். பிளஸ், மைனஸ் மாறும். 30 வருஷம் பிழைத்த பெட்டி ஒரு நொடியில் கருகிவிடும். டி.வி. மெக்கானிக்கிடம் ஒரு தடவை காட்டிவிடுவது நல்லது.

ஓடாமல் போனாலும் தூக்கி எறிய வேண்டாம். சேர்ப்பதற்கு அது ஓடித்தான் ஆக வேண்டும் என்று கட்டாயம் இல்லை. ஒரு துண்டுச் சீட்டு போதும். யார் வாங்கி வந்தது? எந்த ஊரில் இருந்து? எந்த வருஷ லீவில்? அப்போது எந்தப் பிள்ளைக்கு எத்தனை வயது? வாங்கி வந்தவர் வீட்டில் இருக்கும்போதே அவரிடம் கேட்டு எழுத வேண்டும். அவர் கையாலேயே எழுதினால் இன்னும் விசேஷம்.

சீட்டைப் பெட்டியின் மேல் பசை போட்டு ஒட்ட வேண்டாம். பிளாஸ்டிக் உறையில் போட்டு, கேசட்டோடு சேர்த்துக் கட்டி, உப்புக் காற்றுப் படாத அலமாரியில் வைத்தால் போதும்.