எரித்தால் தீர்ந்துவிடுமா குப்பை?



திருவிழா முடிந்த மறுநாள் காலையில் ஆலய வளாகத்தைப் பார்த்திருப்பீர்கள். பேப்பர் தட்டு, தண்ணீர் பாக்கெட், தோரணக் காகிதம், மிச்சச் சோறு எல்லாம் ஒரே குவியலாகக் கிடக்கும். பல ஆண்டுகள் நானும் அதை மதில் ஓரமாகக் கூட்டித் தீ வைக்கத்தான் சொன்னேன். மேலே கிடக்கும் காகிதம் சட்டென்று எரிந்துவிடும். அடியிலுள்ள சோறும் குழம்பும் இரண்டு நாள் புகைந்துகொண்டே இருக்கும்.

இதேதான் 1987-இல் தில்லியில் பெரிய அளவில் நடந்தது. திமார்ப்பூர் என்னும் இடத்தில், டென்மார்க் நாட்டுத் தொழில்நுட்பத்தைக் கொண்டு, நாளொன்றுக்கு 300 டன் குப்பையை எரித்து 3.75 மெகாவாட் மின்சாரம் தயாரிக்க ஓர் ஆலை கட்டினார்கள். அது ஓடியது 21 நாள்கள்! ஒரு கிலோ குப்பையிலிருந்து ஏறத்தாழ 1460 கிலோ கலோரி வெப்பமாவது கிடைக்க வேண்டும் என்பது கணக்கு. தில்லிக் குப்பை தந்ததோ 600, 700தான். காரணம் நம் வீட்டுக் குப்பைக்கூடையிலேயே இருக்கிறது. காய்கறித் தோல், மீன் கழிவு, டீத்தூள் என்று ஏறத்தாழ பாதி ஈரக்குப்பை. அந்த ஈரத்தை உலர்த்தவே நெருப்பின் வெப்பம் போய்விடுகிறது.

ஈரம் மிகுந்தால் இன்னொரு ஆபத்தும் உண்டு. உலையின் வெப்பம் 850 டிகிரிக்குக் கீழே இறங்கினால், பிளாஸ்டிக் முழுமையாக எரியாமல் டையாக்சின் போன்ற நச்சுகள் உருவாகும். நன்றாக எரிந்தாலும் எடையில் நான்கில் ஒரு பங்கு சாம்பலாக மிஞ்சுகிறது. அதைக் கொட்டவும் ஓர் இடம் வேண்டுமே!

வெளிநாட்டில் எல்லாம் சிறப்பாக நடக்கிறதே என்பார்கள். உண்மைதான். கோபன்ஹேகன் நகரில் இத்தகைய ஆலை ஒன்றின் கூரைமேல் பனிச்சறுக்கு விளையாடுகிறார்கள். ஆனால் கட்டிய ஆலைகளுக்குத் தீனி போதாமல் அயல்நாட்டுக் குப்பையை இறக்குமதி செய்தது டென்மார்க். 2020-இல் அதே நாடு, எரிக்கும் திறனை 2030-க்குள் 30 விழுக்காடு குறைக்க முடிவெடுத்தது. பெரிய ஆலையைக் கட்டிவிட்டால் இருபது, இருபத்தைந்து ஆண்டுகள் அதற்குக் குப்பை கொடுத்தாக வேண்டும். குப்பையைக் குறைக்க அப்புறம் யாருக்கு மனம் வரும்?

நம் சென்னையில் கொடுங்கையூரில் எரிஉலை அமைக்கும் திட்டத்தை எதிர்த்து 2025 மே மாதம் வடசென்னை மக்கள் மனிதச் சங்கிலியாக நின்றார்கள். நகரத்தின் குப்பைமேட்டைப் பல பத்தாண்டுகளாகச் சுமப்பவர்கள் அவர்கள். எண்ணூர் அனல்மின் நிலையங்களும் மணலி ஆலைகளும் அவர்கள் பக்கமே. நாம் பிரிக்காமல் போடும் குப்பையின் புகையையும் அவர்களே சுவாசிக்க வேண்டும் என்பது என்ன நியாயம்?

எங்கள் பங்கில் சென்ற திருவிழாவுக்கு இரண்டு டிரம்கள் வைத்தோம். சோறும் காய்கறியும் தென்னை மரத்தடிக் குழிக்குப் போயின. பாட்டில்களைப் பழைய பொருள் வியாபாரி எடுத்துக்கொண்டார். குழம்பு ஊறிய பேப்பர் தட்டுகளைத்தான் யாரும் வாங்கவில்லை. மூன்று சாக்கு மிஞ்சியது. அடுத்த ஆண்டு வாழையிலை போடலாமா என்று பங்குப் பேரவையில் விவாதம் நடந்துகொண்டிருக்கிறது. செலவு கூடும் என்கிறார் பொருளாளர்.